கடலையும் காமன்ஸ் சபையும்

நிலக்கடலை பயிரிடுவோர்க்கு மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் வினாக்கள் பல எழுவது இயல்பு. அத்தகைய வினாக்கள் ஒரு நாட்டின் சட்டசபையில், மந்திரியின் முகத்துக்கு நேரே, பல ஆண்டுகள் தொடர்ந்து எழுந்த வரலாறு ஒன்று உண்டு. 1946-ஆம் ஆண்டு முதல் 1951 வரை பிரிட்டிஷ் சர்க்கார் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா நாட்டில் நடத்திய கடலைத் திட்டத்தின் வரலாறே அது. அந்நாடு இன்று தான்சானியாவின் பெருநிலப் பகுதியாக விளங்குகிறது. பொதுப்பணம் எவ்வாறு செலவாகிறதென்று ஜனப் பிரதிநிதிகள் கேட்பது எவ்வளவு தூரம் பயன்படும், எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கும் என்பதை அறிந்துகொள்ள, விவசாயத் துறையில் இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

யுத்தம் முடிந்த காலத்தில் பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புப் பண்டங்களுக்கும் பெருந்தட்டுப்பாடு நிலவிற்று. வெண்ணெய், மார்கரின், சமையற் கொழுப்பு ஆகியன ஆளொன்றுக்கு வாரத்துக்குச் சில அவுன்ஸ் என்று ரேஷனில் அளந்து கொடுக்கப்பட்டன. யுத்தத்துக்கு முன் ஏராளமாகக் கடலையைக் கப்பலேற்றி வந்த இந்தியா, உள்நாட்டுத் தேவை பெருகியமையால் முன்போல் அனுப்பக் கூடவில்லை. தென்னார்க்காட்டுக் குடியானவர் மல்லாட்டை என்று வழங்கும் அதே சரக்குக்காகத்தான் லண்டனில் மந்திரிகள் கவலையுற்றனர்.

1946 மார்ச்சு மாதத்தில் யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் நிர்வாக டைரக்டராகிய பிராங்க் சாமுவேல் என்பவர், தங்கனீக்காவின் புதர்க்காடுகளை யந்திரங்கொண்டு அழித்துப் பெருவாரியாகக் கடலை விதைக்கலாமென்று சர்க்காருக்கு யோசனை கூறினார். அந்நாட்டில் விவசாய டைரக்டராயிருந்த ஜான் வேக்பீல்டின் தலைமையில் மூவர் கொண்ட குழு ஒன்று சென்று, சுமார் ஒன்பது வாரம் சுற்றி, பெரும்பகுதியை விமானத்திலிருந்தே நோக்கி, அறிக்கை சமர்ப்பித்தது. ஒவ்வொன்றும் 30,000 ஏக்கர் கொண்ட 107 பண்ணைகள். அவற்றுள் தங்கனீக்காவில் 80, வட ரொடீஷியாவில் 17, கென்யாவில் 10. மொத்தம் 32 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கர். முதல் சுமார் 2 கோடியே 40 லட்சம் பவுன். சில ஆண்டுகளுக்குள் ஆண்டொன்றுக்கு 6 லட்சம் டன் கடலை கிடைக்குமென்பது எதிர்பார்ப்பு. 1947 பிப்ரவரியில் இத்திட்டம் வெள்ளை அறிக்கையாக வெளியாயிற்று. காமன்ஸ் சபையில் இரு பெருங்கட்சியினரும் இதனை வரவேற்றனர். பின்னர் மந்திரியைக் கடிந்து பேசிய கட்சியும் தொடக்கத்தில் வாழ்த்திய கட்சியே என்பதை மறத்தலாகாது.

திட்டத்தில் பெருங்குறை ஒன்று இருந்தது. பரீட்சைப் பண்ணை நடத்தப்படவில்லை. திண்டிவனம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு புதிய கடலை ரகத்தைப் பல பருவங்கள் விதைத்துப் பார்த்து, விளைச்சலை நிறுத்துக் குறித்து, அதன் பின்னரே குடியானவர் கையில் கொடுப்பது முறை. ஒரு ரகத்துக்கே இத்துணைப் பொறுமை வேண்டியிருக்க, 32 லட்சம் ஏக்கருக்கு அப்பொறுமை வேண்டாமென்று கருதிவிட்டனர். கொழுப்புப் பஞ்சம் அவசரமானது, காத்திருக்க நேரமில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட சமாதானம்.

முதன்முதல் வேலை தொடங்கிய இடம் கோங்வா. அங்கு மழை குறைவு. பெய்யும் மழையும் காலந்தவறியது. முட்புதர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இடையிடையே பருத்த பாவோபாப் மரங்கள் நின்றன. யுத்தத்தில் கழித்துவிடப்பட்ட டிராக்டர்களும் புல்டோசர்களும் வந்திறங்கின. யுத்த டாங்கிகளையே டிராக்டராக மாற்றியமைத்ததும் உண்டு. இரண்டு டிராக்டர்களுக்கிடையே கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கட்டியிழுத்து மரங்களைச் சாய்த்தனர். யந்திரங்கள் பழுதுபட்டு நிற்க, பழுது பார்க்கும் உதிரி உறுப்புக்கள் வந்து சேரவில்லை. முதற் பருவத்துக்கு ஒன்றரை லட்சம் ஏக்கர் என்று குறித்திருந்தனர்; விதைத்தது ஏறக்குறைய 7,500 ஏக்கர்.

காட்டை அழித்த பின்னரே மண்ணின் குணம் வெளிப்பட்டது. களிப்பு மிகுந்த அந்த மண், மழை நின்றதும் வெயிலில் காய்ந்து செங்கல்போல் இறுகிவிடும். கடலைச் செடியின் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிப்பதற்கு இளகிய மேல்மண் வேண்டும். காய் முற்றிய பின் செடியைப் பறிக்கவும் மண்ணில் ஈரப்பதம் இருத்தல் வேண்டும். கோங்வாவிலோ அறுவடைக் காலத்தில் நிலம் இறுகிப்போய், யந்திரக் கொழுக்களும் தேய்ந்து, காய்கள் நிலத்துக்குள்ளேயே தங்கின. 1949-இல் வறட்சி வந்தது. கடலைக்குப் பதிலாக விதைக்கப்பட்ட சூரியகாந்தியும் கருகிற்று.

இனி, சபையில் நிகழ்ந்ததைக் காண்போம். காமன்ஸ் சபையில் திங்கள் முதல் வியாழன் வரை, நாள்தோறும் ஏறக்குறைய ஒருமணி நேரம் வினாக்களுக்கென்று ஒதுக்கப்படும். அங்கத்தினர் தம் வினாவை முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிக்கிறார். மந்திரியின் காரியாலயத்தார் விடையைத் தயாரித்துக் கொடுக்கின்றனர். அவர் அதனைப் படிக்கிறார். அதன்மேல் எழுப்பப்படும் துணைவினாவுக்குத்தான் காகிதத்தின் உதவி முழுமையாகக் கிட்டாது. உண்மை சிறிதேனும் கசிவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இந்தியாவிலும் இம்முறையே வேரூன்றியது. சட்டசபை அங்கத்தினர் வினாக் கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வினாக் கேட்டவரே துணைவினாவும் கேட்கலாமென்னும் உரிமை 1909-இல் கிடைத்தது. இன்று லோக்சபையில் வாய்மொழி விடை வேண்டும் வினாக்கள் நட்சத்திரக் குறியிட்டு நாளொன்றுக்கு 20 வரை பட்டியலிடப்படுகின்றன. மானியக் கோரிக்கைகளின்போது வெட்டுத் தீர்மானங்கள் வாயிலாகவும் செலவைப் பற்றிக் கேட்கலாம்.

உணவு மந்திரியாயிருந்தவர் ஜான் ஸ்டிரேச்சி. கூரிய அறிவும் நாவன்மையும் வாய்ந்தவர். எத்தனை ஏக்கர் காடு வெட்டப்பட்டது, எத்தனை டிராக்டர்கள் ஓடுகின்றன, எத்துணைப் பவுன் செலவாயிற்று என்னும் வினாக்கள் அவரிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. அவற்றுக்கு எண்ணிக்கையில் விடை உண்டு. ஆனால் வெட்டப்பட்ட ஏக்கர் விளைந்த ஏக்கர் ஆகாது. வந்திறங்கிய டிராக்டர் உழுத டிராக்டர் ஆகாது. ஏக்கருக்கு எத்தனை ராத்தல் காய் கண்டது, அவ்விடத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு மழைக் கணக்கு உள்ளது என்று கேட்டால்தான் மந்திரியும், அவருக்கு விடை தயாரிப்போரும், வயலில் இறங்கிப் பார்க்க நேரிடும். நம் ஊர்களிலும் இது பொருந்தும். விதை எத்தனை டன் விநியோகமாயிற்று என்று கேட்கும் வினாவுக்குக் கிடங்கின் கணக்குப் போதும். அவ்விதை நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்பதற்குக் கிடங்கின் கணக்கு விடை கூறாது. கிணறு எத்தனை வெட்டப்பட்டது என்பதும், அதனால் கோடையில் எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்பதும் வெவ்வேறு வினாக்கள்.

1948-இல் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. அதுவரை யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனி சர்க்காரின் ஏஜெண்டாக வேலையை நடத்தி வந்தது. அவ்வாண்டுச் சட்டம் ஒன்றினால் அயல்நாட்டு உணவுக் கழகம் என்னும் பொதுக் கழகம் தோன்றிப் பொறுப்பை ஏற்றது. நீண்டகாலக் கடனாக 5 கோடி பவுன் வரை பெற அதற்கு அனுமதி இருந்தது. இத்தகைய கழகங்களின் அன்றாட நிர்வாகத்துக்கு மந்திரி சபையில் விடை கூறக் கடமைப்பட்டவரல்லர் என்னும் மரபு அக்காலத்தில் பிரிட்டனில் உருவாகி வந்தது. பணம் பொதுஜனங்களுடையது, செலவிடுவது கழகம், வினாவை எதிர்கொள்பவர் மந்திரி. ஆயினும் அவர் கைக்கு எட்டாததாகப் பல விவரங்கள் வைக்கப்பட்டன. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விஷயங்களில் இம்மரபைச் சபாநாயகர் 1948-இல் சற்றுத் தளர்த்தினார். இந்தியாவிலும் பொதுத்துறைக் கழகங்கள் பெருகியபோது இதே இடர்ப்பாடு தோன்றிற்று. அவற்றின் கணக்குகளை ஆராய்வதற்கென்றே பார்லிமெண்டு 1964-இல் ஒரு தனிக் கமிட்டியை அமைத்தது. இம்மறைப்பைச் சுயநலமென்று மட்டும் தள்ளுவதற்கில்லை. நாள்தோறும் சபைக்கு விடை எழுதிக்கொண்டிருப்பவன் வயலுக்கு எப்போது செல்வான் என்று நிர்வாகிகள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய பின் அந்நியாயம் நெடுநாள் செல்லுபடியாகாது.

நூறு வினாக்கள் செய்யாததை ஒரு தணிக்கைக் குறிப்பு செய்தது. 1949 மார்ச்சுடன் முடிந்த ஆண்டுக்குக் கழகம் வெளியிட்ட கணக்கில், சட்டம் வேண்டியபடி முறையான கணக்குப் புத்தகங்கள் வைக்கப்பட்டிருந்தனவென்று தங்களால் சான்று கூற இயலவில்லை என்று தணிக்கையாளர் எழுதினர். எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது, எதற்கு எவ்வளவு செலவு என்பதே திட்டமாகத் தெரியாதிருந்த நிலை அதனால் வெட்டவெளிச்சமாயிற்று. அதுகாறும் சபையில் வாசிக்கப்பட்ட எண்களுக்கு அடித்தளம் எவ்வளவு உறுதியென்ற ஐயம் எல்லோருக்கும் உண்டாயிற்று. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் காரியதரிசி இவ்வாறு கணக்கு வைத்திருந்தால் அவர் பாடு என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1949 நவம்பரில் காமன்ஸ் சபையில் கடும் விவாதம் நடந்தது. சர்க்காரைச் சாராத சுதந்தரமான விசாரணை வேண்டுமென்று எதிர்க்கட்சியார் வற்புறுத்தினர். சர்க்கார் மறுத்தது, வோட்டெடுப்பில் அதற்கே பெரும்பான்மை. விசாரணை நடக்கவில்லை. கேட்கும் உரிமை சபையில் எல்லோருக்கும் உண்டு. விடை போதாதென்று தீர்ப்பளிக்கும் வலிமையோ பெரும்பான்மையின் கையில் உள்ளது. அக்கையில் மந்திரியும் ஒரு விரலே.

1951 ஜனவரியில் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தது. சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுன் வராக்கடனாகத் தள்ளப்பட்டது. ஆண்டுக்கு 6 லட்சம் டன் என்று கணக்கிட்ட இடத்தில், எல்லா ஆண்டுகளும் சேர்ந்து தந்த கடலை சில ஆயிரம் டன்னே. ரேஷன் அட்டையுடன் கடை வாயிலில் நின்ற பிரிட்டிஷ் இல்லத்தரசிக்கு அதனால் ஒரு அவுன்ஸ் கொழுப்பும் கூடவில்லை. கோங்வாவைச் சூழ்ந்து வாழ்ந்த கோகோ மக்கள் பஞ்சத்தை அடிக்கடி கண்டவர்கள். அந்நிலத்தில் மழை எப்போது பொய்க்கும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனினும் அவர்கள் சார்பில் வினாக் கேட்க அச்சபையில் ஒரு பிரதிநிதியும் இலர்.

ஸ்டிரேச்சி இதற்காக ராஜிநாமாச் செய்யவில்லை. 1950-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அவர் யுத்த மந்திரியானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1954-இல், அதே சபையில் வேறொரு விவசாய விவகாரம் எழுந்தது. டார்செட் ஜில்லாவில் கிரிச்சல் டவுன் என்னுமிடத்தில், குண்டு வீச்சுப் பயிற்சிக்காக யுத்தத்துக்கு முன் சர்க்கார் கையகப்படுத்திய 725 ஏக்கர் நிலத்தை, அத்தேவை தீர்ந்த பின்னும் உரியவர்க்குத் திருப்பித் தராமல் அதிகாரிகள் வேறு வகையில் குத்தகைக்கு விட முயன்றனர். அங்கு விசாரணை நடந்தது, அறிக்கை வெளியாயிற்று, விவசாய மந்திரி சர் தாமஸ் டக்டேல் சபையிலேயே தம் ராஜிநாமாவை அறிவித்தார். 32 லட்சம் ஏக்கர்த் திட்டத்துக்கு மந்திரி ஒருவரும் விலகவில்லை. 725 ஏக்கருக்கு ஒருவர் விலகினார். நிலம் சிறிதாயினும் அங்கே தன் வேலியைச் சுட்டிக்காட்டி, இது என் குடும்பத்துடையது என்று விடாமல் கேட்க ஓர் உரிமையாளர் இருந்தார்.

கடலைக்காக மட்வாரா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை 1960-களில் பெயர்க்கப்பட்டது. துறைமுகம் நிலைத்தது, இன்று அதன் வழியே முந்திரிக்கொட்டை கப்பலேறுகிறது. கோங்வாவில் சங்கிலியிழுத்துத் திருத்திய நிலம் பின்னர் மாட்டுப் பண்ணையாயிற்று. அங்குப் பெய்யும் மழைக்குப் புல் வளர்கிறது.