பெட்ரோல் முள்ளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் எளாவூர், ஆரம்பாக்கம்; அதற்கப்பால் தடா, ஆந்திர மாநிலம். எல்லையின் இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தபோது இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஆந்திரப் பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் டேங்க் காலியாகும் நிலையிலும் அந்தப் பக்கம் போடாமல், எல்லையைத் தாண்டி வந்து நம் பக்கத்து பங்கில் நிறுத்துவார்கள். அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரை அவர்கள் ஓட்டுவது டேஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன மானியை நம்பித்தான்.

அதே மானியை வைத்துத்தான் பங்க்காரர் மீது சந்தேகமும் வருகிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தன் சின்னக் காருக்கு 200 ரூபாய்க்கு பெட்ரோல் போடுகிறார். சாவியைத் திருப்பினால் மானியில் ஒரு கோடுகூட ஏறவில்லை. 'அளவில் கை வைத்துவிட்டார்கள்' என்று அங்கேயே சண்டை தொடங்குகிறது. திருவள்ளூர், பொன்னேரி, பெரியபாளையம் என்று எந்த ஊர் பங்கிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கோபம் நியாயமானதா என்று தெரிய, அந்த மானி எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பல சிறிய கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் ஒரு வட்ட மூடி தெரியும். அதைக் கழற்றினால் பெட்ரோல் பம்பும் அதன் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கம்பியும் சேர்ந்து வெளியே வரும். கம்பியின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு மிதவை. இதைத்தான் மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்', 'ஃப்ளோட்டு' என்கிறார்கள். பெட்ரோல் மட்டம் ஏற ஏற மிதவை ஏறும். கம்பியின் மறுமுனையில் உள்ள உலோக விரல் ஒரு பீங்கான் தகட்டின் மேல் நகரும். தகட்டில் அடுக்கடுக்காக உலோகப் புள்ளிகள். விரல் எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும். அந்த மின்தடையைத்தான் டேஷ்போர்டு படிக்கிறது. டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. ஓர் இடத்தில் மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியும்.

சிறிய காரில் இந்த உயரமே பெரிய சிக்கல். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவள்ளூர் ஆலையில் இருந்துதான் 2022-ல் சிட்ரோயன் சி3 என்ற சிறிய கார் வெளிவந்தது. அதன் டேங்க் 30 லிட்டர். இந்த அளவு டேங்கைப் பின் இருக்கைக்கு அடியில் திணிக்க வேண்டுமென்றால் அது தட்டையாகத்தான் இருக்க முடியும். சராசரி ஆழம் 15 சென்டிமீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு சென்டிமீட்டர் உயரம் 2 லிட்டருக்குச் சமம். மிதவை அரை சென்டிமீட்டர் பிசகினால் ஒரு லிட்டர் கணக்கு தப்பும். சாலையில் அது 15 கிலோமீட்டருக்கு மேல். மானியில் எட்டுக் கோடுகள் இருந்தால் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர். 200 ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல், ஏறக்குறைய அரைக் கோடுதான். கோடு ஏறாததற்கு அதுவே போதுமான காரணம்.

டேங்க் சதுரப் பெட்டியும் இல்லை. சைலன்சர் குழாய்க்கும் பின் அச்சுக்கும் வழிவிட்டு மேடும் பள்ளமுமாக அதை வார்க்கிறார்கள். மேல் பாதியில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதும் அடிப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதும் ஒரே அளவு பெட்ரோல் ஆகாது. எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணையைத் தயாரிப்பாளர் டேஷ்போர்டின் சிப்பில் எழுதி வைக்கிறார். அட்டவணை நன்றாக அமைந்தால் முள் சீராக இறங்கும். அமையாவிட்டால் முதல் பாதி நெடுநேரம் நின்று, இரண்டாம் பாதி மளமளவென்று சரியும்.

பெட்ரோல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பிரேக் அடித்தால் முன்னே பாயும், வளைவில் ஒருபக்கம் ஒதுங்கும், மேம்பாலத்தின் ஏற்றத்தில் பின்னுக்குச் சாயும். பழைய அம்பாசடர் காலத்து மானிகளில் சூடானால் வளையும் ஈருலோகத் தகடு இருந்தது. அது மெதுவாக வளைவதால் முள் தானாகவே ஆடாமல் நின்றது. இப்போது அந்த வேலையை சிப் செய்கிறது. பல நொடிகள், சில வண்டிகளில் நிமிடக் கணக்கில், வரும் அளவுகளைச் சராசரி எடுத்துத்தான் திரையில் காட்டுகிறது. இஞ்சினை அணைக்காமல் பெட்ரோல் போட்டால் சில கார்களில் மானி உடனே ஏறாததற்கு இதுவே காரணம். அப்படிப் போடுவதே ஆபத்து, அது வேறு விஷயம்.

மேலும் கீழும் இருக்கும் இரண்டு ஓரங்களிலும் மானி வேண்டுமென்றே உண்மையை மறைக்கிறது. டேங்க் நிரம்புவதற்கு முன்பே மிதவை மேல் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஊற்றுவது தெரியாது. டேங்க் ஃபுல் செய்தபின் வெகுதூரம் முள் அசையாமல் நிற்பது அதனால்தான். கீழே, பெட்ரோல் மிச்சமிருக்கும்போதே மானி பூஜ்யத்தைக் காட்டும்படி அமைக்கிறார்கள். சிறிய கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும்போது பெரும்பாலும் நாலைந்து லிட்டர் இருக்கும். ஓட்டுநர் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்வது இது. ஆனால் 'முள் செத்த பிறகும் 40 கிலோமீட்டர் ஓடும்' என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த மிச்சத்தை நம்பி ஓட்டுவது இன்றைய கார்களுக்கு நல்லதில்லை. மின்சார பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி வேலை செய்கிறது. அதற்குக் குளிர்ச்சி தருவதே அந்தப் பெட்ரோல்தான்.

அந்தக் காலத்து ஸ்கூட்டரில் இந்தக் குழப்பம் கிடையாது. வண்டி திக்கினால் குனிந்து குழாயை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரிலும் 1960-களின் தொடக்கம்வரை இதே ஏற்பாடுதான். பெட்ரோல் மானியே இல்லாமல் உலகம் முழுக்க ஓடியது.

வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் வேகமானிக்கெனத் தனி விதி உண்டு. பெட்ரோல் மானிக்கு, இத்தனை லிட்டருக்குமேல் தப்பக் கூடாது என்று ஒரு பிழை வரம்பை எந்தக் கார் கையேட்டிலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

பங்கில் நிலைமை நேர் எதிர். அங்கே இருக்கும் குழாய் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் சரிபார்த்து முத்திரை வைத்த அளவைக் கருவி. 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர், அதாவது அரை விழுக்காடு, அதுதான் அனுமதிக்கப்பட்ட பிழை. 200 ரூபாய் பெட்ரோலில் அது 10 மில்லி லிட்டருக்கும் குறைவு. கார் மானிக்கோ ஒரு லிட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நூறு மடங்கு முரடான கருவியை வைத்து நுட்பமான கருவியின்மேல் குற்றம் சாட்ட முடியாது. பங்குகளில் மோசடியே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் அதைப் பிடிக்க மானி உதவாது என்கிறேன். பிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டியாக வேண்டும், கட்டணம் கிடையாது. மறுத்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

'30 லிட்டர் டேங்கில் 32 லிட்டர் ஏறியது எப்படி?' என்பது இன்னொரு வழக்கமான தகராறு. கையேட்டில் சொல்லும் கொள்ளளவுக்கு மேல், ஆவிக்கென விட்ட இடமும் நிரப்பும் குழாயும் இருக்கின்றன. குழாய் தானாக நின்றபின்னும் 'ரவுண்டாகப் போடுங்க' என்று அழுத்தினால் அங்கெல்லாம் பெட்ரோல் போகும். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி அதனால் கெடும்.

மானியையே பெட்ரோல் கெடுத்ததும் உண்டு. 2004 மே மாதம் அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா மாநிலங்களில் கந்தகம் அதிகம் கலந்த பெட்ரோல் விற்பனைக்குப் போனது. மிதவை யூனிட்டின் வெள்ளிக் கலவைப் புள்ளிகளில் கந்தகம் படிந்து கறுத்தது. டேங்க் காலியான சில கார்களின் மானிகள் நிரம்பியதாகக் காட்டின. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம். நம் பக்கத்தில் மானி பொய் சொன்னால் தேய்ந்த தகடு, துருப்பிடித்த எர்த்து, தண்ணீர் புகுந்த கனெக்டர் என்று பார்ப்பதே நல்லது. மழைக்காலத்தில் கும்மிடிப்பூண்டிச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இந்த மூன்றாவது காரணம் அதிகம் பொருந்தும்.

'இன்னும் 85 கி.மீ. ஓடும்' என்று திரை காட்டும் எண்ணை இன்னும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். மிதவையின் கணக்கை, அண்மையில் வண்டி கொடுத்த மைலேஜோடு பெருக்கி வருவது அது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக வந்த கார், தச்சூர் கூட்டுச்சாலை நெரிசலில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தால் அந்த எண் கண்ணெதிரே கரையும். 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2025-ல் நடைமுறையாகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய காரின் கடைசிக் கோடு முன்பு போன தூரத்துக்கு இப்போது போகாது.

தன் காரின் மானியை ஒருவர் தானே அறிந்துகொள்ளலாம். சமதரையில் நிறுத்தி, குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்க வேண்டும். ஒவ்வொரு கோடு இறங்கும்போதும் கிலோமீட்டரைக் குறித்து, எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் அதே பங்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் ஏறுகிறதோ அதைக் கொள்ளளவிலிருந்து கழித்தால் மிச்சம் எவ்வளவு இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் கோடுகளின் குணம் பிடிபடும்.

ஆனால் இதையெல்லாம் வண்டி வாங்கியவர் தலையில் ஏற்றுவது சரியில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து மாதர்பாக்கம் பக்கம் வீடு திரும்பும் தொழிலாளிக்கு நடுவழியில் பெட்ரோல் தீர்வது சின்ன விஷயமா? டேங்க் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்ற எண் பல கார்களில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சர்வீஸ் மையத்தில் பழுது பார்க்கச் சொருகும் கருவியில் அது தெரியும். அதைத் திரையில் காட்டப் புதிதாக ஒரு உதிரிபாகமும் வேண்டாம். எச்சரிக்கை விளக்கு எத்தனை லிட்டரில் எரியும், அது எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற ஒரு வரியைக் கையேட்டில் தமிழில் அச்சிடவும் செலவு ஆகாது. புதிய கார் எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போதே இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.