வெயிலின் நடுவே ஒரு லேசர்த் துடிப்பு

இலக்கின்மேல் ஒருவர் லேசர் கிரணத்தைப் பாய்ச்ச, அங்கே பட்டுச் சிதறும் ஒளியைப் பற்றிக்கொண்டு வந்து சேரும் குண்டுகளைப் பற்றிப் போர்ச் செய்திகளில் படித்த வாசகர் ஒருவர், ‘நண்பகல் வெயிலில் அந்தச் சிறு புள்ளி எப்படித் தெரிகிறது? நல்ல கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டால் போதாதா?’ என்று கேட்டிருக்கிறார். கேள்வியின் இரண்டாம் பகுதியே ரசமானது. ஏனெனில், நல்ல கேமராவிடம் நாம் எந்தக் குணத்தைப் போற்றுகிறோமோ, அந்தக் குணமே இந்தக் காரியத்துக்கு விரோதமாக நிற்கிறது.

நியோடிமியம் கலந்த யாக் படிகத்திலிருந்து பிறக்கும் இந்த ஒளி 1064 நானோமீட்டர் அலைநீளமுடையது, கண்ணுக்குப் புலப்படாதது. தொடர்ந்து ஒழுகாமல் துடிப்புத் துடிப்பாக வருவது. துடிப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நானோவிநாடியே நீடிப்பது. அந்தக் கால அளவில் ஒளியே 3 மீட்டர் தூரத்துக்குமேல் சென்றிராது. ஒரு துடிப்பில் 100 மில்லிஜூல் சக்தி இருக்குமானால், அந்தக் கணத்தில் அதன் வலிமை 1 கோடி வாட். ஆனால் விநாடிக்கு 20 துடிப்பு என்று வைத்துச் சராசரி பார்த்தால் வெறும் 2 வாட். துடிக்கும் கணத்தில் மகா பிரகாசமாகவும், சராசரிக் கணக்கில் அற்பமாகவும் இருக்கும் இந்த இரட்டைச் சுபாவத்திலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கேமரா கணத்தைக் காண்பதில்லை, ஒளியைச் சேமிக்கிறது. விநாடிக்கு 25 படம் எடுக்கும் கேமரா, ஒரு படத்துக்கு 40 மில்லிவிநாடி வரையில் ஒளியைத் திரட்டுமாயின், அந்தக் காலத்தில் லேசர்த் துடிப்பின் பங்கு 40 லட்சத்தில் ஒன்றுதான், மிச்சமெல்லாம் சூரியனுடையது.

முற்றத்தில் மழைநீர் பிடிக்க வரிசையாக அண்டாக்களை வைத்திருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அண்டாவும் ஒரு பிக்சல், மழைதான் வெயில், எதிர்மாடியிலிருந்து யாரோ ஓர் அண்டாவில் மட்டும் ஒரு தம்ளர் நீரை வீசுகிறார். மழை ஓய்ந்தபின் அண்டாக்களை எட்டிப்பார்ப்பவருக்குத் தம்ளர் விழுந்தது எதில் என்று ஒருபோதும் தெரியாது. தண்ணீர் அதிகமென்பதால் மட்டுமல்ல, மழைத்துளிகள் ஒழுங்கின்றி விழுவதால் அண்டாவுக்கு அண்டா நீர்மட்டம் சற்றே வேறுபடுவதும், அந்த வேறுபாடு ஒரு தம்ளரைக் காட்டிலும் பெரிதாயிருப்பதுமே காரணம். வெயிலும் இப்படித்தான் பொழிகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10 லட்சம் எலக்ட்ரான்களை வெயில் சேர்த்தால், அதன் இயற்கையான தடுமாற்றம் அதன் வர்க்கமூலமாகிய 1000. லேசர் கொடுப்பது 500 என்றால், அது அந்தத் தடுமாற்றத்துக்குள் மறைந்துபோகும்.

இப்போது அண்டாவை நீக்கிவிட்டுச் சிறு கிண்ணம் வைத்து, கணத்துக்கொரு முறை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கிண்ணத்தில் மழை நாலைந்து சொட்டே விழும். தம்ளர் விழுந்தாலோ கிண்ணம் வழியும். திறந்திருக்கும் நேரத்தை 40 மில்லிவிநாடியிலிருந்து 40 மைக்ரோவிநாடியாகக் குறைத்தால், வெயிலின் எலக்ட்ரான்கள் 1000 ஆகவும், அவற்றின் தடுமாற்றம் சுமார் 32 ஆகவும் சுருங்குகின்றன. லேசரின் 500 மட்டும் 500 ஆகவே நிற்கிறது. ஒளியை அதிகம் சேர்ப்பதால் அல்ல, வேண்டாத ஒளியை விலக்குவதால் பார்வை கூர்மையாகிறது என்னும் இந்த உண்மையை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் ஆனந்தம் குறைவதில்லை.

ஆனால் தம்ளர் எப்போது விழும் என்று கிண்ணம் வைப்பவருக்குத் தெரியாதே! ஒரு கிண்ணத்தை எடுத்து அளந்து மறுகிண்ணம் வைக்கும் இடைவெளியிலே அது விழுந்துவிட்டால், முயற்சி வீண். இங்கேதான் மிக அழகான யுக்தி ஒன்று பிறக்கிறது: அண்டாவின் அடியிலே ஒரு சிறு ஓட்டை போட்டுவிடுவது. இடைவிடாத மழை விழுந்த வேகத்திலேயே ஓட்டை வழியே ஒழுகிவிடும். திடீரென்று விழும் தம்ளர் நீர் ஒழுக அவகாசமின்றி மட்டத்தைச் சட்டென்று உயர்த்திக் காட்டும். ஒவ்வொரு பிக்சலின் அடியிலும் மெதுவான மாறுதல்களை ஒழுகவிட்டு, கணநேரத் துள்ளலை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் நுண்ணிய மின்சுற்று ஒன்றை அமைத்துவிட்டால், அந்தப் பிக்சல் துடிப்பு வரும் நேரத்தை முன்கூட்டி அறியாமலே காத்திருக்கக்கூடியதாகிறது.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1960-இல் கலிபோர்னியாவின் மாலிபுவில் மைமன் என்னும் இயற்பியலாளர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். நியோடிமியம் யாக் லேசர் 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1968-இல் லேசர் குண்டு வியட்நாம் யுத்தத்தில் இறங்கியது. தான் ஹோவா நகரருகே மா நதியின்மேல் நின்ற ஹாம் ரோங் பாலம், 1965 முதல் நடந்த தாக்குதல்களைத் தாங்கி நின்று, 1972 மே 13 அன்று லேசர் குண்டுகளால் தகர்ந்தது. அக்குண்டுகளின் கண், நான்கு துண்டுகளாகப் பகுக்கப்பட்ட ஒளியுணர் வில்லையே. எந்தத் துண்டில் ஒளி மிகுதி என்று ஒப்பிட்டு அது திசையை அறிந்தது. விரைவும் மலிவும் அதன் சிறப்பு. ஆனால் அது ஒரு திசையை மட்டுமே சொல்லவல்லது; புகையிலோ புழுதியிலோ சிதறி இரண்டு இடங்களில் ஒளி தோன்றினால், இரண்டுக்கும் நடுவே எதுவுமற்ற ஓர் இடத்தைச் சுட்டிவிடும். புள்ளிகளைத் தனித்தனியே காண்பதற்காகவே பிம்பச் சென்சார் வேண்டியிருக்கிறது.

அந்தச் சென்சாரும் கைப்பேசிக் கேமராவிலுள்ளது போன்றதாய் இருந்தால் போதாது. 1064 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சச் சிலிக்கானில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தேவை. சாதாரணச் சென்சாரின் உணர்படலமோ சில மைக்ரான்களே. ஆகவே இண்டியம் காலியம் ஆர்சினைடு என்னும் விலையுயர்ந்த பொருளை நாட வேண்டியிருக்கிறது.

இதன் பின்னும் ஒரு சங்கடம் உண்டு. 640-க்கு 512 என்ற கணக்கில் 3,27,680 பிக்சல்கள் விநாடிக்கு 25 முறை ‘துடிப்பு உண்டா, இல்லையா’ என்று தீர்ப்புச் சொல்லும்போது, பத்து லட்சத்தில் ஒரு தீர்ப்பு தவறினாலும் விநாடிக்கு எட்டுப் பொய்ப்புள்ளிகள் தோன்றும். இதற்குப் பரிகாரம் காலம்தான். உண்மையான லேசர் முன்குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகிறது. பொய்ப்புள்ளி அப்படி வருவதில்லை. அந்தத் தாளத்துக்குப் பொருந்தாதவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தால், மெய்யானது மிஞ்சும்; தாளம் பிடிபட்ட பிறகு, அடுத்த துடிப்பு வரும் நொடியில் மட்டும் கண்ணைத் திறந்தால் போதும்.

இதே வித்தை சமாதான காரியங்களுக்கும் பயன்படுகிறது என்பது மனத்துக்கு நிறைவு தருவது. 2023 நவம்பர் 14 அன்று, சுமார் 1.6 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஸைக்கி விண்கலம், கலிபோர்னியாவின் டேபிள் மலையிலிருந்து எழுந்த 1064 நானோமீட்டர் லேசரை, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கேமராவால் கண்டுபிடித்து, அதையே வழிகாட்டியாகக் கொண்டு தன் லேசரைப் பலோமர் மலைத் தொலைநோக்கியை நோக்கித் திருப்பியது.

இத்தனை நுட்பத்தையும் வியக்கும் நாம், அதைப் பற்றிய பிரசாரத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 1991 வளைகுடாப் போரில் ‘ஓர் இலக்கு, ஒரு குண்டு’ என்று பாதுகாப்புத் துறையும் உற்பத்தியாளர்களும் கூறியதை ஆராய்ந்த அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், கிடைத்த ஆதாரங்கள் அந்தக் கூற்றை நிரூபிக்கவில்லை என்று 1997-இல் அறிவித்தது. மேகமும் புகையும் ஈரக்காற்றும் பல வேளைகளில் அந்தக் கண்களை மறைத்திருந்தன. எவ்வளவு சிறந்த பிக்சலும், தன்னை வந்தடையாத ஒளியைக் காணமாட்டாது. ஆதலால், குறி தவறாத கண் என்று எதையேனும் யாரேனும் புகழ்ந்தால், எந்த வானிலையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை பொய்ப்புள்ளிகளோடு என்ற மூன்று கேள்விகளையும் வாசகர்கள் கேட்கவேண்டும். மூன்றுக்கும் எண்களால் விடை கிடைக்கும்வரை அந்தப் புகழுரையை நம்பவேண்டாம்.