வெண்புள்ளி நோய்: மருந்து ஏன் உடனே பலிப்பதில்லை?

தொட்டி மீனின் உடலில் உப்பைத் தூவியதுபோல் தோன்றும் வெண்புள்ளிகளுக்குக் காரணம், 'இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ்' என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாகும். மேல்தோலுக்குள் புதைந்து வளரும் அதனை நீரில் கலக்கும் மருந்து எட்டுவதில்லை. அது முதிர்ந்து வெளியேறி, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான இளம் உயிரிகளாகப் பிரிந்து, புதிய மீனைத் தேடி நீந்தும் குறுகிய பருவத்தில்தான் மருந்துக்கு இரையாகிறது.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள்மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் எழும் வெண்முகிழ்களை நோயென்று எண்ணி மருந்திடுவது, நலமாயுள்ள மீனை வீணே வதைப்பதாகும். தோலிலிருந்து மெல்லச் சுரண்டியெடுத்த சளியை நுண்ணோக்கியில் பார்த்தால், குதிரைலாட வடிவ உட்கருவுடன் மெதுவாக உருளும் உயிரி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்து, குளிர்நீரில் பல வாரங்கள் நீள்வதால், புள்ளிகள் மறைந்த பின்னரும் சிகிச்சையைத் தொடர வேண்டும்.