சிப்புக்குள் யாரும் அடையாளம் கேட்காத வழி

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டப்படி, ஒரு பொருளில் உள்ள ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பது தெரிந்தால், 2026 செப்டம்பர் 11 முதல் உற்பத்தியாளர் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை தர வேண்டும். கெடு நெருங்க, “சிப்பிலேயே ஓட்டை என்றால் அப்டேட் என்ன செய்யும்?” என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதுகிறார்கள்.

சிப்புக்குள் நினைவகத்தைத் தொட வரும் ஒவ்வொரு கோரிக்கையும், அனுப்பியது எந்தப் பகுதி என்று காட்டும் சில பிட்களைச் சுமந்து வருகிறது. காவல் சுற்று அவற்றைப் பார்த்து வழிவிடும். அவை மெய்தானா என்று விசாரிக்காது. இரு பகுதிகளுக்கு ஒரே எண் போனாலோ, வழியில் பிட்கள் விடுபட்டாலோ காவல் வீண்.

காவலையே சுற்றிக்கொண்டு போகும் வழி இருந்தால்? ஐபோனில் இருந்தது. சைபர் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி, தன் ஊழியர்களின் போன்களிலேயே கண்டுபிடித்த ஒரு உளவுத் தாக்குதலை 2023 ஜூனில் வெளியிட்டு, ‘ஆபரேஷன் டிரையாங்குலேஷன்’ என்று பெயரிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னலைக்கூட நம்பாமல் நினைவகத்தைப் பூட்டிவைக்கும் அடுக்கு ஒன்றை ஆப்பிள் அமைத்திருந்தது. ஆனால் ஏ12 முதல் ஏ16 வரையான சிப்களில், எந்த ஃபர்ம்வேரும் (உள்மென்பொருளும்) பயன்படுத்தாத சில ரெஜிஸ்டர்கள், அதாவது தரவு எழுதும் சிறு இடங்கள், இருந்தன. முகவரி, தரவு, தரவிலிருந்து கணக்கிட்ட 20 பிட் சரிபார்ப்பு எண் ஆகியவற்றை அவற்றில் எழுதினால், பூட்டிய பக்கத்திலும் சிப்பே எழுதிக்கொடுத்தது. கேட்பது யார் என்ற சோதனையே இல்லை. கணக்கிடும் முறை வெளியே தெரியாது என்பது மட்டுமே காவல். அதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது.

“நிலை மேலாண்மையை மேம்படுத்தினோம்” என்பதே ஆப்பிள் தந்த விளக்கம். காஸ்பர்ஸ்கி ஆய்வு காட்டுவது வேறு: அந்த ரெஜிஸ்டர்களின் முகவரிகளை அணுக மென்பொருளில் தடை போட்டிருக்கிறார்கள். விற்றுவிட்ட சிப்பில் ரெஜிஸ்டர்கள் அப்படியே இருக்கின்றன.

24 மணி நேரக் கணக்கும் நிறுவனத்துக்குத் தெரிந்த பிறகே தொடங்கும். இந்தத் தாக்குதலின் பழைய தடயம் 2019-ஐச் சேர்ந்தது. ஓட்டை அடைபட்டது 2023 ஜூலையில்.

இந்த ஓட்டை என் போனில் அடைபட்டதா?
ஐஓஎஸ் 16.6 அல்லது பிந்தையது இருந்தால் ஆம். பழைய போன்களுக்கு 15.7.8.

ஏற்கெனவே விற்ற பொருட்களுக்கும் சட்டம் பொருந்துமா?
ஐரோப்பியச் சந்தையில் விற்றவை என்றால், தகவல் தரும் கடமை பொருந்தும்.

அந்த ரெஜிஸ்டர்கள் ஏன் இருந்தன?
சோதனைக்காக வைத்திருக்கலாம் என்பது காஸ்பர்ஸ்கியின் ஊகம்.

உற்பத்தியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?
சோதனை வழிகள் எல்லாம் விற்பனைக்கு முன்பே சிப்பில் நிரந்தரமாக மூடப்பட்டன என்பதற்குச் சான்று.