கீசர் சரியா சுடலையா? முதல்ல கடிகாரத்தைப் பாருங்க

எங்க ஊர் தியாகதுருகத்துல மார்கழி வந்தா எல்லா வீட்டுலயும் ஒரே புலம்பல்: "கீசர் போட்டும் தண்ணி சுடவே மாட்டேங்குது." உடனே புது கீசர் விலை பார்க்கக் கிளம்பாதீங்க. எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் போதும்.

கணக்கு இதுதான். 15 லிட்டர் டேங்க், 2000 வாட் காயில். 25 டிகிரி தண்ணியை 60 டிகிரிக்கு ஏத்த சுமார் 18 நிமிஷம் ஆகணும். தண்ணி முழுக்க ஆறியிருக்கும்போது சுவிட்சைப் போட்டு, ஹீட்டிங் லைட் அணையுற வரைக்கும் நேரம் குறிச்சுக்கோங்க.

அரை மணி நேரம் ஆகுது, ஆனா நல்லா சுடுதா? அப்போ வோல்டேஜைச் சந்தேகப்படுங்க. 230 வோல்ட் 180-க்கு இறங்கினா, 2000 வாட் காயில் சுமார் 1225 வாட்தான் தரும். மோட்டார் ஓடாத ராத்திரி நேரத்துல திரும்பச் சோதிச்சா தெரிஞ்சிடும்.

அஞ்சே நிமிஷத்துல லைட் அணைஞ்சு, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கா? தெர்மோஸ்டாட் குறைவா வெச்சிருக்கலாம். இல்லைன்னா உப்பு. எங்க வீட்டுலயும் போர் தண்ணிதான். அதுல இருக்குற சுண்ணாம்பு காயில் மேல ஓடு மாதிரி படியும். சூடு தண்ணிக்குப் போகாம அங்கேயே தேங்கும். பக்கத்துல இருக்குற தெர்மோஸ்டாட் ஏமாந்து சீக்கிரமே நிறுத்திடும். உப்புத் தண்ணி ஊர்ல வருஷம் ஒரு தடவை காயிலைக் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. மெக்னீசியம் கம்பி கரைஞ்சிருந்தா அதையும் மாத்தச் சொல்லுங்க. சூட்டை 50, 55 டிகிரியில வெச்சா உப்பும் குறைவாப் படியும்.

நேரம் சரியா இருக்கு, குழாயில மட்டும் சூடு இல்லையா? சுவிட்சை அணைச்சிட்டு, கீசருக்குப் போற தண்ணி வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறங்க. தண்ணி நிக்காம வந்தா, மிக்ஸர் குழாய் வழியா பச்சைத் தண்ணி கலக்குது. கீசர் மேல தப்பில்லை.

லைட் எரிஞ்சும் ஒரு மணி நேரமா பச்சைத் தண்ணியாவே இருந்தா, காயில் போயிருக்க வாய்ப்பு அதிகம். லைட்டே எரியலைன்னா, கரன்ட் வருதான்னு முதல்ல பாருங்க. வந்தா கட்-அவுட் விழுந்திருக்கலாம்.

இங்கதான் கவனம் வேணும். தண்ணி எல்லை மீறிச் சுட்டா மின்சாரத்தைத் துண்டிக்கிற காவல் அந்த கட்-அவுட். "அடிக்கடி விழுதுங்க, டைரக்ட் பண்ணிடட்டுமா?"ன்னு யாராவது கேட்டா, வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டா, தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும். டேங்க் வெடிக்காம காக்க பிரஷர் வால்வு மட்டும்தான் மிச்சம். அதுலயும் உப்பு அடைச்சிருந்தா?

குழாயைத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதுன்னா, எந்தச் சோதனையும் வேண்டாம். மெயினை அணைச்சிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அடுப்புல தண்ணி காய வெச்சுக்கலாம்.