முதியோர் இல்லம் பார்க்கப் போவோர்க்கு

பெற்றோரை முதியோர் இல்லத்திற் சேர்ப்பது அறமா அன்றா என்னும் வழக்கை ஈண்டு எடுக்கவில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டில், இரவும் பகலும் தூக்கி இருத்தவேண்டிய முதியவரைப் பேண இயலாத நிலை நம்மவர் பலர்க்கும் வந்துள்ளது. வந்தபின், எந்த இல்லம் என்பதே வினா.

முதற்கண் வகை அறிதல் வேண்டும். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு புக்கிட் பாத்தோக்கில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகள், 65 வயது நிரம்பி ஓரளவு தாமே இயங்கக்கூடியோர்க்கு உரியவை. ஒரு வீடு ஏறத்தாழ 32 சதுர மீட்டர். கைப்பிடிகளும் 24 மணி நேர அவசர உதவி ஏற்பாடும் உண்டு. ஆனால் அது தாதிமை இல்லம் அன்று. எழ இயலாதோர்க்கான தாதிமை இல்லங்கள் சுகாதார அமைச்சின் உரிமம் பெறவேண்டியவை. மலேசியாவிலோ பராமரிப்பு நிலையங்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவிற் பதிவு பெறவேண்டும். அத்தாள் இல்லாத இடத்தில் மேற்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

முன்னறிவித்துச் செல்லும்போது கட்டடத்தைக் காட்டுவார்கள். மறுமுறை மாலை உணவு வேளையிற் செல்லுங்கள். ஊட்டுபவர் அமர்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு விரைகிறாரா? குவளைத் தண்ணீரும் அழைப்பு மணியும் கைக்கு எட்டுகின்றனவா? மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, பெட்டிக்குள் இருக்கிறதா? நகங்கள் வெட்டப்பட்டுள்ளனவா? மாதந்தோறும் எடை குறிக்கிறார்களா என்று கேளுங்கள். சரியாக உண்ணாமை அக்குறிப்பில்தான் முதலில் தெரியும். படுக்கைப் புண், இரவுப் பணியாளர் தொகை, கட்டணத்திற் சேராத செலவுகள் ஆகியவற்றையும் கூச்சமின்றிக் கேட்கலாம். வரவேற்பறைப் பூச்சாடியை நம்பி முடிவு செய்வோரும் உளர்!

இனி, தமிழ்க் குடும்பத்தார் பெரும்பாலும் கேளாமல் விடும் ஒன்றுண்டு. அது மொழி. நாற்பது ஆண்டுகள் மலாயும் ஆங்கிலமும் பேசித் தொழில் செய்தவர்க்கும், மறதிநோய் முற்றும்போது, பின்னாளிற் கற்ற மொழி முன்னர் நழுவித் தாய்மொழியே எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. பணியாளரோ பிலிப்பீன்ஸ், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்தவராக இருக்கலாம். அவர்தம் அன்பிற் குறையில்லை, சொல்தான் எட்டுவதில்லை.

நோவைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு, உளைச்சல் வேறு, மரத்துப்போதல் வேறு. சிறுநீர் கழிக்கையில் 'எரியுது' என்று பாட்டி சொன்னால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தொற்று, முதியோரிடம் திடீர்க் குழப்பத்தையும் உண்டாக்கும். அச்சொல் விளங்காத இடத்தில், பாட்டி வீணே கூச்சலிடுகிறார் என்று எழுதப்படும். மருந்து நோய்க்குப் போகாமல் கூச்சலுக்குப் போகும்.

ஆகவே, 'தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த நேர முறையில், எந்த மாடியில் இருக்கிறார், இரவில் உண்டா என்று கேட்கவேண்டும். மறதிநோய்ச் சோதனை எம்மொழியில் நடக்கும் என்பதும் கேட்கத்தக்கது; விளங்காத மொழியிற் கேட்ட வினாவுக்கு விடையில்லையென்றால், அதனை நோயின் கணக்கிற் சேர்க்கலாகாது. முதியவரை எவ்வாறு விளிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 'அம்மா', 'ஐயா', 'பாட்டி' என்னும் மூன்று சொல்லையேனும் கற்றுவைத்துள்ள இல்லத்தை யான் ஒருபடி உயர்வாகவே மதிப்பேன்.

உணவைப் பொறுத்து ஒரு குறிப்பு. மரக்கறி உணவு உண்டா என்பதோடு, விழுங்கத் தடுமாறுவோர்க்கு அதனை மசித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து அன்போடு ரசம் கொண்டுபோவது நம் வழக்கம். நீர்த்த பொருள் அவர்களுக்குப் புரையேறி நுரையீரலுக்குட் போகக்கூடும். தாதியைக் கேளாமற் கொடுக்கற்க.

இடம் முடிவானபின், தண்ணீர், வலி, எரியுது, குளிருது, கழிப்பறை, பயமாயிருக்குது முதலிய பத்துப் பன்னிரண்டு சொற்களை, பணியாளர் படிக்கக்கூடிய எழுத்தில், பொருளோடு ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்ட இசைவு கேளுங்கள். தாயார் வீட்டில் வழங்கும் சொல்லையே எழுதுக. கழிப்பறைக்கு அவர் வேறு சொல் வழங்கினால் அதுவே தாளில் இருக்கவேண்டும்.