விசில் ஊதுறதுக்கு எதுக்குங்க டிகிரி?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் உங்களுக்கு எப்படிப் பழக்கம்? புத்தகக் கண்காட்சிக்குப் போயிருப்பீங்க. ரெண்டு புக் வாங்கி, நாலு பஜ்ஜி சாப்பிட்டிருப்பீங்க. அதே வளாகத்துல, விளையாட்டு சொல்லித் தர்றது எப்படின்னு சொல்லித் தர்ற ஒரு கல்லூரி இருக்கறதைக் கவனிச்சீங்களா? ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஆரம்பிச்ச உடற்கல்விக் கல்லூரி அது. ஆசியாவிலேயே முதல்னு சொல்வாங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் இதே பக்தான்.

எனக்கும் இதெல்லாம் போன மாசம்தான் தெரியும். எங்க பக்கத்து வீட்டு அக்கா, வேற ஒரு கல்லூரியில பி.பி.எட். ரெண்டாவது வருஷம். பி.எஸ்ஸி. கணக்கு முடிச்சவங்க, கோ-கோ பிளேயர். பி.எட். சேர்ந்து கணக்கு டீச்சர் ஆவாங்கன்னு தெருவே எதிர்பார்த்தப்போ, அக்கா டிராக் சூட் மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. “விசில் ஊதுறதுக்கு எதுக்குக்கா டிகிரி?” என்று அன்னிக்குக் கேட்டவன் நான்தான். “ஒருநாள் காலையில கிரவுண்டுக்கு வாடா, சொல்றேன்”னாங்க.

போனேன். காலை 5.45!

ஏழு மீட்டர் ரகசியம்

அக்காவுக்கு அன்னிக்கு ஒரு அரசுப் பள்ளியில டீச்சிங் பிராக்டிஸ். அதுக்கு முன்னாடி, பள்ளி விளையாட்டு விழாவுக்கு டிராக் போடணும். கையில கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புப் பொடி. மைதான மூலையில சரியா 90 டிகிரி வேணுமா? கயிறை 3, 4, 5 மீட்டர் அளவில முக்கோணமா இழுத்தாங்க. அவ்வளவுதான். எட்டாவதுல மனப்பாடம் பண்ணின பிதாகரஸ், மண்ணுல படுத்திருந்தார்.

“இன்ஜினீயர் சார், முழுசா ஒரு சுத்து ஓடணும். ரெண்டாவது லேன்ல ஓடுறவன் எவ்வளவு முன்னாடி நிக்கணும்?”

முழிச்சேன். அக்காவே சொன்னாங்க. ஒரு லேனோட அகலம் 1.22 மீட்டர். முதல் லேனை உள் விளிம்புல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும். மத்த லேன்களை 20 சென்டிமீட்டர் தள்ளி. ஆக, ரெண்டு லேனோட ஆரத்துக்கும் வித்தியாசம் 1.12 மீட்டர். அதை ரெண்டு ‘பை’யால பெருக்கினா 7.04 மீட்டர். டிராக் பெருசோ சின்னதோ, கணக்கு மாறாது. இது தப்பினா, உண்மையில ஜெயிச்ச பையன் தோத்துப் போவான். நான் அரியர் வெச்ச பேப்பர்ல கூட இவ்வளவு நியாயம் கிடையாது பாஸ்!

பாடத்திட்டத்தைப் புரட்டினா, உடற்கூறியல், உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், விளையாட்டு உளவியல், காயத்துக்கு முதலுதவி, யோகா, புள்ளியியல்னு போகுது. இதுக்கு மேல தினமும் கிரவுண்ட். காலையில ஓடிட்டு வந்து, மத்தியானம் தசைகளோட பேரை மனப்பாடம் பண்ணணும்.

நாற்பது பேரும் வேணும்

ஒன்பது மணிக்கு எட்டாம் வகுப்பு. அக்கா கையில ‘லெசன் பிளான்’. வார்ம்-அப்புக்கு இத்தனை நிமிஷம், திறன் பயிற்சிக்கு இத்தனை, சின்ன விளையாட்டுக்கு இத்தனைன்னு எழுதி, லெக்சரர் கையெழுத்து வாங்கினது. அவர் மரத்தடியில நின்னு மார்க் போடுறார்.

அன்னிக்குப் பாடம் கோ-கோ. பத்து நிமிஷத்துல நல்லா ஓடுற ஆறேழு பேர் ஆட்டத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. மூணு பொண்ணுங்க மெதுவா நழுவி, நிழல்ல போய் உட்கார்ந்தாங்க. நம்ம எல்லாரும் பார்த்த காட்சிதான். ஏன், நாமளே உட்கார்ந்திருப்போம்!

அக்கா விசில் அடிச்சு ஆட்டத்தை நிறுத்தினாங்க. கிளாஸை நாலு குட்டி வரிசையாப் பிரிச்சாங்க. உட்கார்ந்து எழறது, திரும்பறது, ‘கோ’ கொடுக்கறது மட்டும் ஒரு ரிலே மாதிரி. எல்லாருக்கும் முறை வந்தது. நிழல்ல இருந்த மூணு பேரும் எழுந்து வந்தாங்க. ஆனா, பிளான்ல எழுதியிருந்த கடைசி விளையாட்டுக்கு நேரம் இல்லை. அதுக்கு மார்க் குறைஞ்சது.

“குறைஞ்சா குறையட்டும்டா. கோச்சுன்னா டீமுக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தா போதும். டீச்சருக்கு நாற்பது பேரும் வேணும்.”

இந்த ஒரு வரிதான் ரெண்டு படிப்புக்கும் உள்ள வித்தியாசம். பயிற்சியாளர் ஆகணும்னா பாட்டியாலாவில 1961-ல் தொடங்கின தேசிய விளையாட்டு நிறுவனம், அதாங்க என்.ஐ.எஸ்., டிப்ளமோ நடத்துது. ஒரு விளையாட்டை எடுத்து ஆழமாப் போகணும். பள்ளி ஆசிரியர்னா பி.பி.எட். முன்னாடி ஒரு வருஷப் படிப்பா இருந்தது, 2014 என்.சி.டி.இ. விதிகளுக்கு அப்புறம் ரெண்டு வருஷம். ஏதாவது ஒரு டிகிரியில 50 சதவிகிதம், கூடவே விளையாட்டுப் போட்டியில கலந்துக்கிட்ட சான்றிதழ் வேணும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மார்க்கில் தளர்வு உண்டு. நம்ம மாநிலத்துல இதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம், வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூர்ல இருக்கு. 2004-ல் சட்டம் போட்டு உருவாக்கினது.

சரி, வேலை?

இங்கேதான் அக்கா சிரிப்பு நின்னுச்சு. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமிச்சது. உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேர்த்து. மாசச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஏறினாலும், பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷக்கணக்கா போராடினாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டமே, 100 பிள்ளைகளுக்கு மேல உள்ள நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்விக்குப் ‘பகுதிநேர’ பயிற்றுநர்னுதான் சொல்லுது. கணக்குக்கு முழுநேரம், உடம்புக்குப் பகுதிநேரம்!

“அப்பா இன்னும் கேட்கிறார், பி.எட். படிச்சிருந்தா என்னன்னு. பதில் இல்லடா. எம்.பி.எட்., நெட்னு போனா காலேஜ்ல டைரக்டர் ஆகலாம். பார்ப்போம்” என்றார் அக்கா. நான் ஆறுதலா ஏதோ சொல்லப் போய், ஒண்ணும் வராம டீ வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது என் ஸ்கூல் ஞாபகம். ஏழாவதுல நூறு மீட்டர் ஓடி, கடைசியா வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. பி.டி. சார் மட்டும் கூப்பிட்டு, ஸ்டாப் வாட்ச்சைக் கையில கொடுத்து, “இனிமே டைம் நீதான் எடுக்கணும்”னார். அந்த வருஷம் முழுக்க ஒரு பி.டி. பீரியடைக்கூட நான் கட் அடிக்கலை. கணக்கு சார் கடன் வாங்கின பீரியடுகள் தனி!

அவர் என்னை ஏன் கூப்பிட்டார்னு இப்பதான் புரியுது. அவருக்கும் நாற்பது பேர் வேணும்.

உங்க பழைய ஸ்கூல் பக்கம் போனா, பிசிக்ஸ் மிஸ்ஸைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. கிரவுண்ட் வரைக்கும் ஒரு நடை போங்க. அங்கே ஒருத்தர் சுண்ணாம்புக் கையோட நிப்பார். வணக்கம் சொல்லிட்டு வாங்க.